எட்டாவது சீசன்

செருப்பு இருக்கட்டுங்க, அப்படியே உள்ள வாங்க. ஃபேனுக்கு நேரா உக்காருங்க. கேம் பெட்டியை டிவியில மாட்டியேதான் வெச்சிருக்கேன். ஓட்டிப் பாத்துட்டே எடுத்துட்டுப் போங்க. பொள்ளாச்சியில இருந்து இதுக்குன்னே உடுமலை வந்திருக்கீங்க, ஏமாந்து போகக் கூடாதில்லீங்க. ஏமாந்து போறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அதனால சொல்றேன்.

பழசுதான். ரெண்டாயிரத்து ஏழுல வாங்கினது, என் கல்யாணத்துக்கு முந்தின வருஷம். ஆனா ஒரு கீறல் இருக்காது, பாருங்க. நான் நூல் மில்லுல ஸ்டோர் கீப்பருங்க. பேரிங்கு, பெல்ட்டு, பாபினு, எண்ணெய் டின்னு, எந்த ரேக்குல எது இருக்குன்னு கண்ணை மூடிட்டுச் சொல்லுவேன். பொருளைக் காப்பாத்தறதுதான் என் வேலையே. ஜெகநாதன் கையில குடுத்த பொருள் கெட்டுப் போச்சுன்னு மில்லுல ஒருத்தர் சொல்ல மாட்டாங்க.

போன்ல ஒன்னு கேட்டீங்க. மெமரி கார்டு இல்லாம எப்படிங்க, ஆடினது எதுவும் சேவ் ஆகாதேன்னு கேட்டீங்க. கார்டு இருக்குங்க. குடுக்கறதுக்கில்லை. ஏன்னு கேட்டீங்க, நேர்ல வாங்க சொல்றேன்னேன். சம்சாரம் வர்றதுக்கு ஆறு மணி ஆகும். அவ இருந்தா இதையெல்லாம் பேச முடியாது. அதான் உங்களை இந்நேரத்துக்கு வரச் சொன்னது.

இந்தப் பெட்டியில ஹார்ட் டிஸ்க் கிடையாதுன்னு உங்களுக்கே தெரியும். தீப்பெட்டி அளவுல ஒரு கார்டு. எட்டு எம்.பி. இன்னிக்கு போன்ல ஒரு போட்டோ எடுத்தா அது பத்தாது. அந்த எட்டுலதான் எல்லாத்தையும் வெச்சுக்கணும். புதுசா ஒன்னு வேணும்னா பழசுல ஒன்னை அழிக்கணும். நான் எல்லாத்தையும் முறையா வெச்சிருந்தேன். எது எத்தனை கே.பி.ன்னு ஒரு நோட்டுல எழுதியே வெச்சிருந்தேன்.

ரெண்டாவது கார்டு போடறதுக்கும் பெட்டியில வழி இருக்குங்க, பாருங்க, அந்தப் பக்கம் இன்னொரு துளை. கூட்டாளிங்க எல்லாம் சொன்னாங்க, இன்னொன்னு வாங்கிப் போடுடான்னு. நான்தான் வேண்டாம்னேன். ரெண்டு இடம் ஆச்சுன்னா எது எதுல இருக்குன்னு குழப்பம் வரும். ஸ்டோர்லயும் அப்படித்தான். ஒரு சாவி, ஒரு ஆளு. அதான் ஒழுங்கு.

நான் ஆடறது ஒரே ஒரு கேமுங்க, கிரிக்கெட்டு. அதுல சொந்தமா டீம் கட்டலாம். நான் எங்க மில்லு பேருல கட்டினேன். பதினோரு பேருக்கும் எங்க ஆளுங்க பேரு. ஸ்பின்னிங் டிபார்ட்மென்ட் மாரப்பன் ஓப்பனிங். கேரேஜு சுப்பிரமணி வேகப்பந்து. நான் கேப்டன். ஒரு சீசன் ஆடி முடிக்க எனக்கு ஏழெட்டு மாசம் ஆகும், ஞாயித்துக்கிழமை மட்டும்தானே ஆடறது. முடிச்சதும் அந்த சீசனைத் தனியா சேவ் பண்ணி வெச்சுக்குவேன். ஒரு சீசன் தொள்ளாயிரத்து அம்பது கே.பி. பழசு மேலயே எழுதிக்கலாங்க, கேமுக்குக் கடைசி சீசன் இருந்தாப் போதும். ஆனா எப்படிங்க அழிக்கறது? ஜெயிச்ச கோப்பையை யாராவது பழைய இரும்புக்குப் போடுவாங்களா?

சரி, சுகந்தி விஷயத்துக்கு வர்றேன். சுகந்தி என் சம்சாரம். தாராபுரத்துப் பொண்ணு. பி.காம் படிச்சவ. அமைதியான பொண்ணுன்னு சொல்லித்தான் கட்டி வெச்சாங்க, அமைதியாத்தான் இருந்தா. அந்த அமைதியை நம்பித்தான் நான் கெட்டேன்.

கல்யாணம் ஆகி மூணாவது வருஷம் அவளுக்கு நாள் தள்ளிப் போச்சு. நாலாவது மாசமே டாக்டரம்மா படுக்கையிலேயே இருக்கணும்னுட்டாங்க. படி ஏறக் கூடாது, குனியக் கூடாது, வண்டியில உக்காரக் கூடாது. பகல் பூராவும் தனியாப் படுத்துக் கிடப்பா. பாவமா இருந்துச்சு. நான்தாங்க அவளுக்கு இதைக் கத்துக் குடுத்தேன். அதை மறக்காதீங்க. தலகாணி வெச்சு சாஞ்சு உக்கார வெச்சு, இது பிரேக்கு, இது ஆக்ஸிலேட்டருன்னு, நான்தான். கிரிக்கெட்டு அவளுக்குப் பிடிக்கலை. ஒரு கார் ரேஸ் கேமு சும்மா கிடந்துச்சு, அதைப் போட்டுக் குடுத்தேன்.

அந்த கேமுல எடுத்ததும் ரேஸ் ஓட்ட முடியாதுங்க. முதல்ல லைசன்ஸ் எடுக்கணும். எங்க பிரேக் போடறது, வளைவுல எப்படி உள்ள நுழையறதுன்னு வரிசையாப் பரீட்சை வெக்கும். நானே ரெண்டு நாள் முட்டிப் பாத்துட்டு விட்டது. இவ ஒவ்வொன்னையும் பத்து தடவை, இருபது தடவை ஓட்டி, எல்லாத்துலயும் தங்கம் வாங்கினா. ஜெயிக்க ஜெயிக்க வண்டி குடுப்பாங்க. அதைக் கொண்டு வந்து கேரேஜுல நிறுத்தி வெச்சுக்குவா. நான் வேலை முடிஞ்சு வந்தா, இன்னிக்கு ஒரு நீலக் கலர் வண்டி வந்துச்சுங்க மாமாம்பா. நான் சரி சரிம்பேன்.

ஆடறவங்க பேரு கேக்குங்க அதுல. இங்கிலீஷ்ல போடணும். மகிழ்னு போட்டிருந்தா. ஆணோ பொண்ணோ, எதுவானாலும் அந்தப் பேருன்னு நாங்க ரெண்டு பேரும் பேசி வெச்சிருந்தது.

ஏழாம் மாசம் தங்கலைங்க. அதை விடுங்க. அப்புறமும் இல்லை. அதெல்லாம் விட்டாச்சு.

அதுக்குப் பிறகும் அவ அந்த கேமை மட்டும் விடலை. ஒரு வருஷத்துக்கு மேல ஓட்டினா. நானும் ஒன்னும் சொல்லலைங்க. அறுபத்திரண்டு வண்டி சேந்திருச்சு. அவ சேவு ஒன்னே ஒன்னுதான், ஆனா ஆயிரத்து இருநூறு கே.பி. என் நோட்டுல கடைசி வரியில எழுதி வெச்சிருந்தேன், சுகந்தி, கார், ஆயிரத்து இருநூறுன்னு. எனக்கு ஏழு சீசன், அவளுக்கு அது. கார்டு அதோட நெறைஞ்சு போச்சு.

ரெண்டாயிரத்துப் பன்னெண்டு ஐப்பசி. ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம். அவங்க அம்மா ஊட்டுல விசேஷம்னு தாராபுரம் போயிருந்தா. நான் எட்டாவது சீசன் ஆரம்பிச்சேன். முதல் மேட்சே மாரப்பன் நூத்திப் பத்து அடிச்சாரு. சேவ் பண்ணப் போனா இடம் பத்தலைங்குது.

இப்ப நீங்களே சொல்லுங்க. எட்டு எம்.பி. கார்டு. ஏழு சீசன் ஒவ்வொன்னும் தொள்ளாயிரத்து அம்பது. ஒன்னு மட்டும் ஆயிரத்து இருநூறு. ஸ்டோர்ல இடம் பத்தலைன்னா எதை முதல்ல வெளிய எடுப்பீங்க? அதிக இடம் அடைக்கறதைத்தானே. நான் அளவைத்தான் பாத்தேன். பேரைப் பாக்கலை. பேரு அங்க இருக்குங்க, கேம் பேருக்குக் கீழயே போட்டிருக்கும். கண்ணுல பட்டிருக்கும். பட்டிருக்கலாம். ஆனா நான் பாத்தது அளவை.

சாயங்காலம் அவ வந்தா. ராத்திரி சோத்துக்கு முன்னாடி கொஞ்ச நேரம்னு உக்காந்தா. கேமு புதுசா ஆரம்பிக்கிற மாதிரி பேரு கேட்டுச்சு. அவ திரும்பி என்னைப் பாத்தா. நான் சொன்னேன், மத்தியானம் கரன்ட்டு போயி வந்துச்சு சுகந்தி, உன்னுது கரப்ட் ஆயிருச்சு போல. வேற என்னத்தைச் சொல்றது? வந்ததும் வராததுமா மனசு சங்கடப்படுமேன்னுதான். மறுபடி ஆரம்பிச்சுக்கோ, பகல் பூராவும் ஊட்டுலதானே இருக்கன்னு தைரியம் சொன்னேன்.

அவ ஆஃப் பண்ணிட்டு, ஒயரைச் சுத்தி வெச்சுட்டு எந்திரிச்சுட்டா. வேண்டாங்க மாமா, போதும்னா. அவ்வளவுதான். அழுவலை, சத்தம் போடலை. தோசை ஊத்தினா. எனக்குப் பெருமையா இருந்துச்சுங்க. இன்னொருத்தியா இருந்தா ஊட்டை ரெண்டு பண்ணியிருப்பா. இவ பக்குவமான பொண்ணுன்னு நினைச்சேன். மறு வாரம் தண்டபாணிகிட்டக் கூடச் சொன்னேன், எம் பொண்டாட்டி மாதிரி வராதுடான்னு.

தண்டபாணி யாருன்னு சொல்லலையே. என் கூட்டாளி. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல சி.டி. கடை வெச்சிருந்தான், இப்ப அது செல்போன் கடை. பள்ளிக்கூடத்துல இருந்தே ஒன்னாத் திரிஞ்சவன். இந்தப் பெட்டியையே அவன்தான் கோயமுத்தூருக்குக் கூட வந்து பாத்து வாங்கிக் குடுத்தான். அவனும்தாங்க. அவனும்தான்.

அதுக்கப்புறம் பதினோரு வருஷம். நான் பாட்டுக்கு ஆடிட்டிருந்தேன். எட்டாவது சீசனோட கார்டு நெறைஞ்சு போச்சு, அதனால ஒன்பதாவது, பத்தாவது எல்லாம் எட்டாவது மேலயே எழுதிக்கிட்டேன். எத்தனை ஆடினாலும் எனக்கு அது எட்டாவதுதான். சில நாள் மில்லு விட்டு வந்து பெட்டியைத் தொட்டா லேசாச் சூடா இருக்கும். மேக்கால பாத்த ஊடு, வெயிலுன்னு நினைச்சேன். ஒயர் நான் சுத்தற மாதிரியே சுத்தியிருக்கும். உள்ள என் கிரிக்கெட்டு டிஸ்க்கே இருக்கும். ஒரு மனுஷனுக்கு எப்படிங்க சந்தேகம் வரும்? நடுவுல ஒரு தடவை நானாத்தான் கேட்டேன், ஏன் சுகந்தி, கார் ஓட்டறதையே விட்டுட்டயேன்னு. ஆமாங்க, விட்டாச்சுன்னா. என் முகத்தைப் பாத்துச் சொன்னா.

இந்த ஆடியில ஒரு ஞாயித்துக்கிழமை பெட்டியைப் போடறேன், கார்டு இல்லைங்குது. கழட்டி மாட்டினேன், துடைச்சு மாட்டினேன், அந்தப் பக்கத்துத் துளையில மாட்டினேன். இல்லைங்குது. அப்படியே சட்டையை மாட்டிக்கிட்டுத் தண்டபாணி கடைக்குப் போனேன். அவன் பின்னாடி ரூமுல ஒரு பழைய பெட்டி வெச்சிருக்கான், அதுல போட்டுப் பாத்தான். திருப்பித் திருப்பிப் பாத்தான். செத்துப் போச்சு மாப்ளன்னான்.

நான் அவன் கடை ஸ்டூல்ல உக்காந்துட்டேன். பதினாறு வருஷங்க. மாரப்பன் ரிட்டையர் ஆகிச் செத்தே போயிட்டாரு. அந்தக் கார்டுல இன்னும் ஓப்பனிங் இறங்கிட்டிருந்தாரு. கண்ணுல தண்ணி வந்துருச்சு, சொல்றதுக்கு வெக்கம் இல்லை. என்னைப் பாக்கச் சகிக்காம அவன் தோள் மேல கை போட்டான். விடு மாப்ள, தங்கச்சி கார்டுல காப்பி இருக்குமில்லன்னான்.

எந்தத் தங்கச்சின்னு கேட்டேன்.

கையை எடுத்துட்டான். கடையில ஒரு அம்மா போனுக்கு கவர் கேட்டு நின்னுட்டிருந்தாங்க, அவங்ககிட்டப் போயிட்டான். அவங்க போற வரைக்கும் நான் உக்காந்திருந்தேன். அப்புறம் ஒன்னொன்னா வாங்கினேன் அவன்கிட்ட.

அந்த ஐப்பசியிலயே, நான் அழிச்ச மூணாம் நாளே, சுகந்தி அவன் கடைக்குப் போயிருக்கா. ஏனுங்கண்ணா, கரப்ட் ஆனா ஒன்னுமே இல்லாமப் போயிருமான்னு கேட்டிருக்கா. இவன் பெரிய வாத்தியாராட்டம் சொல்லிக் குடுத்திருக்கான். இல்லைங்க, கரப்ட் ஆனா உடைஞ்ச மாதிரி ஒரு படம் நிக்கும், கரப்ட்னு எழுதியிருக்கும், இடத்தையும் அடைச்சுட்டேதான் இருக்கும். சுத்தமா இல்லைன்னா யாரோ கையால அழிச்சதுதான்னு. இவளும் சரிங்கண்ணான்னு கேட்டுட்டு, கார்டு ஒன்னு குடுங்கன்னு வாங்கிட்டு, இதுல இருந்து அதுக்குக் காப்பி எடுக்கறது எப்படின்னும் கேட்டுட்டுப் போயிருக்கா. அவருக்குத் தெரிய வேண்டாம்னு சொன்னாளாம். இவன் சரின்னானாம். பதினோரு வருஷங்க. வாரா வாரம் என் கூட டீ குடிச்சவன். ஏன்டா சொல்லலைன்னேன். அது உங்க ஊட்டு விஷயம் மாப்ள, நீ அழிச்சதை நான் அவகிட்டச் சொன்னனா, அவ வாங்கினதை உங்கிட்டச் சொல்றதுக்கு, அப்படிங்கறான். நியாயம் பேசறான் பாருங்க.

ஆனா எனக்கு அவனை விட இதுதான் தாங்கலை. அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. நான் அழிச்சேன்னு தெரிஞ்சே பதினோரு வருஷம் எனக்குச் சோறு போட்டிருக்கா. காய்ச்சல்னா கஞ்சி வெச்சிருக்கா. கல்யாணம் காட்சின்னா பக்கத்துல நின்னு போட்டோவுக்குச் சிரிச்சிருக்கா. ஒரு வார்த்தை, ஏன் பொய் சொன்னீங்கன்னு ஒரே ஒரு வார்த்தை கேக்கலை. நான் என்னமோ அவளுக்குத் தெரியாதுன்னு நிம்மதியா இருந்திருக்கேன். இதுக்குப் பேரு என்னங்க? துரோகம் இல்லாம வேற என்னங்க?

ஊட்டுக்கு வந்தேன். கேக்கக் கூடாது, அவளாச் சொல்றாளான்னு பாப்பம்னு வந்தேன். அவ துணி மடிச்சிட்டிருந்தா. நான் இந்த நாற்காலியிலதான் உக்காந்தேன், நீங்க உக்காந்திருக்கிறதுல. கார்டு செத்துப் போச்சு சுகந்தின்னேன். எல்லாம் போச்சுன்னேன்.

மடிச்சிட்டிருந்த துணியை அப்படியே வெச்சா. என் முகத்தையே கொஞ்ச நேரம் பாத்தா. எந்திரிச்சு உள்ள போனா. பீரோ திறக்கற சத்தம் கேட்டுச்சு. அந்த வருஷத்து ஆஸ்பத்திரி ஃபைலு ஒன்னு இருக்குங்க, ஸ்கேனு, சீட்டு எல்லாம் வெச்சது. நான் அதைத் தொட்டதே இல்லை. தொட முடியாது என்னால. அதுக்குள்ள வெச்சிருந்திருக்கா. கொண்டாந்து என் முன்னாடி டேபிள் மேல வெச்சா.

"இதுல ஏழு இருக்குதுங்க மாமா"ன்னா.

மாட்டிக்கிட்டா பாத்தீங்களா? தண்டபாணி எனக்குச் சொல்லிட்டான்னு அவளுக்குத் தெரியாது. அவளாவே கொண்டாந்து வெச்சுட்டா. பதினோரு வருஷம் மறைச்சவ, ஒரு நிமிஷத்துல மாட்டிக்கிட்டா.

நான் அதை மாட்டினேன். இருந்துச்சுங்க. ஒன்னு, ரெண்டு, மூணுன்னு என் சீசன் வரிசையா ஏழு. எல்லாத்துக்கும் ஒரே தேதி, அந்தக் கார்த்திகை. கடைசியில அவளுது. மகிழ். ஆயிரத்து இருநூறு கே.பி. இந்தத் தடவை பேரைப் பாத்தேனுங்க.

"எட்டாவது எங்க?"ன்னேன்.

"எட்டாவது நான் எடுக்கலைங்க."

"ஏன்? அதுதானே முக்கியம். அதுலதானே நான் இன்னும் ஆடிட்டிருக்கேன்."

"அந்த இடத்துல மகிழ் இருக்குதுங்க."

நான் சொன்னேன், அது கேமுதானே சுகந்தின்னு. ஆமாங்க, கேமுதான்னா. மறுபடி துணி மடிக்க உக்காந்துட்டா. எனக்கு ஆத்திரம் வந்துருச்சு. ஏழு சீசனை எடுத்து வெச்சவ எட்டாவதை ஏன் விடணும்? வேணும்னே விட்டதுதானே. பழி வாங்கறது இல்லையா இது? ஒரு சீசனுங்க. என் கடைசி சீசன்.

"நான் அழிச்சேன்னு உனக்குத் தெரியும்"னேன்.

"தெரியுங்க."

"ஏன் கேக்கலை?"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

நான் யோசிச்சேன். பொய் சொல்லக் கூடாதுன்னு உண்மையைத்தான் சொன்னேன். "கரன்ட்டுன்னுதான் சொல்லியிருப்பேன்."

"அதாங்க கேக்கலை"ன்னா.

"அப்ப என்னுதை எதுக்கு எடுத்து வெச்சே? கோவம்னா விட்டிருக்க வேண்டியதுதானே?"

ஒரு லுங்கியை எடுத்து மடிச்சு முடிச்சா. அப்புறம் சொன்னா, "போனா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்ங்க."

என்ன பதிலுங்க இது? என் பொருளை எனக்குத் தெரியாம எடுத்து, எனக்குத் தெரியாத இடத்துல வெச்சிருந்துட்டு. ஸ்டோர்ல இப்படி ஒருத்தன் செஞ்சா அதே நாள்ல அனுப்பிருவாங்க.

சரி, பொம்பளை, போகட்டும்னு நானே இறங்கி வந்தேன். மன்னிச்சுட்டேங்க. ரெண்டு நாள் கழிச்சு உக்கார வெச்சுச் சொன்னேன். பாரு சுகந்தி, இனிமே ஒளிவு மறைவு வேண்டாம். கார்டு ஒன்னே இருக்கட்டும், அதை நான் பாத்துக்கறேன். உன்னுதும் அதுல இருக்கலாம். ஞாயித்துக்கிழமை காலையில நான் ஆடறேன், சாயங்காலம் நீ ஓட்டிக்கோன்னேன். யாருங்க இவ்வளவு விட்டுக் குடுப்பாங்க? அவ கேட்டுட்டு, இன்னிக்கு ஓட்டட்டுங்களான்னா. அன்னிக்கு ஞாயிறு கூட இல்லை. சரின்னேன்.

இங்க, தரையில சம்மணம் போட்டு உக்காந்தா. நான் அவ ஓட்டிப் பாத்தே பதினோரு வருஷம் ஆச்சு. கேரேஜைத் திறந்தா. போய்க்கிட்டே இருக்குதுங்க, வண்டி வண்டியா. முந்நூத்திச் சொச்சம். ஒன்னை எடுத்தா. மலைப் பாதை மாதிரி ஒரு ரோடு, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்னும் இல்லை. நான் ரெண்டு நாள் முட்டினேன்னு சொன்னனே, அந்த மாதிரி ரோடு. அவ முட்டலைங்க. எங்கயுமே முட்டலை. உடம்பு அசையலை, முகம் மாறலை, கட்டை விரல் மட்டும்தான். ஒவ்வொரு வளைவுலயும் வண்டி தானாத் திரும்பற மாதிரி இருந்துச்சு. இது என்ன ஊருன்னு கேட்டேன். ஒரு பேரு சொன்னா, எனக்கு வாயில நுழையலை. நம்ம ஊட்டுல, இந்த ரூமுல, மத்தியானம் மத்தியானம் இவ இப்படி ஒரு இடத்துல போயிட்டு இருந்திருக்கா. நான் அங்க மில்லுல பேரிங்கு எண்ணிட்டிருந்திருக்கேன்.

ஒரு மணி நேரம் ஓட்டியிருப்பா. சேவ் பண்ணினா. கார்டை உருவி என் கையில குடுத்தா. "வெச்சுக்குங்க மாமா, இனி எனக்கு வேண்டாம்"னா. நான் ஏன்னு கேட்டேன். நீங்க பாத்துட்டு உக்காந்திருந்தா எனக்கு ஓட்ட வரலைங்கன்னா. எனக்கு ஒன்னும் புரியலை. வராமலா அப்படி ஓட்டினா?

மறு வாரம் டிரைவிங் ஸ்கூல்ல சேந்துட்டா. நிஜ வண்டி. தளி ரோட்டுல பழகறாங்க. இப்ப அங்கதான் போயிருக்கா. ஊட்டுல காரே இல்லை, வாங்கற யோசனையும் இல்லை, எதுக்கு உனக்கு லைசன்ஸுன்னு கேட்டேன். வெச்சுக்கறேங்கன்னா. வாத்தியார் ரோட்டுல பாத்தா என்கிட்டச் சொல்றாரு, உங்க ஊட்ல இதுக்கு முன்னாடி எங்கயோ ஓட்டியிருக்காங்க, சொல்ல மாட்டேங்கறாங்கன்னு.

எனக்கு ஆடப் பிடிக்கலைங்க. உக்காந்தா அந்தப் பெட்டிக்குள்ள எனக்குத் தெரியாம என்ன நடந்துச்சுன்னுதான் நினைப்பு ஓடுது. ஒரு பந்து கூட மட்டையில பட மாட்டேங்குது. துரோகம் பண்ணின பெட்டியை ஊட்டுல வெச்சிருக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணித்தான் விளம்பரம் போட்டேன்.

இந்தத் தடவை அவகிட்டச் சொல்லிட்டுத்தான் போட்டேன். குடுத்துருங்கன்னா. கார்டோட குடுத்துருங்க, வாங்கறவங்க ஊட்ல யாராச்சும் அந்த வண்டியெல்லாம் எடுத்து ஓட்டட்டும், சும்மா நின்னுட்டிருக்க வேண்டாம், பேரை மட்டும் மாத்த வேண்டாம்னு சொல்லுங்கன்னா. அது ஒன்னுதான் அவ கேட்டது. இத்தனை வருஷத்துல என்கிட்ட அவ வாய் விட்டுக் கேட்டது அது ஒன்னுதான்னு நினைக்கிறேன்.

எப்படிங்க குடுக்கறது? என் ஏழு சீசன் அதுலதானே இருக்கு. வேற காப்பி எங்கயும் இல்லை. புதுக் கார்டு வாங்கி மாத்திக்கலாமேம்பீங்க. இப்ப வர்றதெல்லாம் டூப்ளிகேட்டு. நல்லதா ஒன்னு தேடணும்னா தண்டபாணிகிட்டத்தான் போகணும், அவன் கடை வாசல்ல நான் மிதிக்கறதா இல்லை.

ஓட்டிப் பாத்துட்டீங்களா? சத்தம் இல்லாம ஓடுது பாருங்க. ரெண்டு கன்ட்ரோலரும் எடுத்துக்குங்க. உங்க சம்சாரத்துக்கும் விளையாடப் பிடிக்கும்னு சொன்னீங்களே, கார்டு ஒன்னு போதுங்க. ஒருத்தர் பொறுப்புல இருக்கட்டும். ரெண்டாச்சுன்னா இப்படித்தான்.

என்னங்க? என்னுதை மட்டும் அழிச்சுட்டு, அவங்களுதோட கார்டைக் குடுத்துடலாமேங்கறீங்களா? பெட்டியே போகுது, அந்த சீசனை வெச்சு என்ன பண்ணப் போறீங்கன்னு கேக்கறீங்க.

நியாயமாத்தான் கேக்கறீங்க. நேத்து சாயங்காலம் நானும் உக்காந்து பாத்தேனுங்க. முதல் சீசனை எடுத்தேன். அழிக்கட்டுமான்னு கேட்டுச்சு. ஆமா, இல்லைன்னு ரெண்டு. ஆமா மேல கொண்டு போயி வெச்சேன். வெச்சுட்டு அப்படியே உக்காந்திருந்தேன். அவ அந்தப் பக்கம் போனா, பாத்துட்டு உள்ள போயிட்டா. நான் ஆஃப் பண்ணிட்டு எந்திரிச்சுட்டேன்.

ஒருத்தர் உக்காந்து வருஷக்கணக்கா ஆடினதுங்க அது. பேரு வெச்சு, ஒன்னொன்னாச் சேத்தது. அதை ஒரு பட்டனை அமுத்தி இல்லைன்னு ஆக்கறதுக்கு ஒரு கல்லு மனசு வேணுங்க. எனக்கு அது கிடையாது.